மூன்றாவது சரணத்துக்குப் பிறகு

"வந்துட்டான்டி."

"யாரு?"

"கோர்மக் லேசி. மதில் ஓரமா காரை நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்திருக்கான். இறங்கவும் மாட்டேங்கறான், போகவும் மாட்டேங்கறான்."

"மழைக்குப் பயந்திருப்பான்."

"மழை எப்பவோ விட்டாச்சு. மனுஷனுக்கு வேற ஏதோ பயம்."

சமையலறை ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே டிலியா இதைச் சொன்னாள். நான் பன்றி இறைச்சி சாண்ட்விச்சை மூலைவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தேன். முன்னறையில் பார்ப்ரா ஃபோலன் சவப்பெட்டிக்குள் நீலக் கம்பளிச் சட்டையோடு, விரல்களில் ஜெபமாலை சுற்றிப் படுத்திருந்தாள். காலையிலிருந்து சனம் வந்துகொண்டே இருந்தது. கடற்கரையோரத்தில் ஒரு வீடு பாக்கியில்லை.

கோர்மக் லேசியை எங்கள் நாட்டில் யாரும் 'அவர்' என்று சொல்வதில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, நாற்பது வருஷத்துக்கு மேலாக, எல்லார் வீட்டிலும் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியவன். மந்திரிகள் அவன் எதிரே வியர்த்திருக்கிறார்கள். ஒரு பிஷப் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போயிருக்கிறார். நாங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, "கேளு, கேளு, விடாதே" என்று டீவிப் பெட்டியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறோம். வர்ற சனிக்கிழமையோடு அவன் ஓய்வு பெறுகிறான். பத்திரிகை முழுக்க அவன் முகம்தான்.

அந்த முகம் பத்திரிகைக்கு முதலில் வந்ததே பார்ப்ராவால்தான். அதற்கு முன்னால் அவன் மாட்டுச்சந்தை விலை வாசிக்கிற பையன். எழுபத்தெட்டாம் வருஷம் அவனுக்குச் சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பரீட்சை பார்க்கக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து நல்ல பாடகி ஒருத்தி வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பார்ப்ரா பஸ் ஏறித் தலைநகர் டப்ளினுக்குப் போனாள்.

எங்கள் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பாடுவது. பாட்டு உள்ளே இறங்க இறங்கப் பாடுகிறவளின் கை தானாக வெளியே வரும். பக்கத்தில் இருக்கிறவர் அந்தக் கையைப் பிடித்து, பாட்டு முடிகிறவரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார். கிணற்றுக்குள் இறங்குகிறவளுக்கு மேலே ஒருத்தர் கயிறு பிடித்துக்கொள்கிற மாதிரி.

அன்றைக்கு மூன்றாவது சரணத்தில் பார்ப்ராவின் கை வெளியே வந்தது. கோர்மக் கையைப் பார்த்தான். சபையைப் பார்த்தான். ஒரு புருவத்தை உயர்த்தினான். பிறகு பாக்கெட்டில் துழாவி, மீன் படம் போட்ட பத்துப் பென்ஸ் காசு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

சபை வெடித்துச் சிரித்தது. பார்ப்ரா கண்ணைத் திறந்தாள். காசைப் பார்த்தாள். பாட்டு அங்கேயே நின்றுவிட்டது.

"பார்ப்ரா ஃபோலன்! கை நீட்டினா டப்ளின்ல காசு கிடைக்கும்னு ஊர்ல யாரோ சொல்லி அனுப்பியிருக்காங்க!" என்றான் கோர்மக்.

அவ்வளவுதான். மறுநாள் நாடு முழுக்க அதே பேச்சு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பழைய சிரிப்புகளைத் தொகுத்துப் போடும்போது அதுதான் கடைசியில் வரும். அதைப் பற்றி யார் கேட்டாலும் கோர்மக்கிடம் ஒரே பதில்தான்.

"நான் டப்ளின் பய. அந்தப் பழக்கமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கையை நீட்டினாங்க. எனக்குத் தோணினதைச் செஞ்சேன். இன்னிக்கு நெனச்சா கூச்சமா இருக்கு."

கூச்சம் என்று சொல்லும்போது தலையை அழகாகச் சாய்ப்பான். நாடு அவனை ஒவ்வொரு தடவையும் மன்னித்தது.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயம், அந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு பெண் பார்ப்ராவுக்குப் போன் செய்தாள். அப்போது நான் அவள் சமையலறையில்தான் இருந்தேன். பார்ப்ராவுக்குக் காது மந்தம், போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள்.

"கடைசி நிகழ்ச்சிக்கு நீங்க வரணும் மேடம். கோர்மக் எல்லார் முன்னாடியும் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க ஆசைப்படறார்."

"எல்லார் முன்னாடியும் எதுக்கும்மா? வீட்டுக்கு வரச் சொல்லு. டீ போட்டுத் தர்றேன்."

"கேமராவோட வரலாமா?"

"கேமரா டீ குடிக்குமா?"

அந்தப் பெண் சிரித்தாள். "அவருக்கு நேரம் கிடைக்கறது கஷ்டம்…"

"ரோடு நல்லாத்தான் இருக்கு. போன வருஷம்தான் புதுசா தார் போட்டாங்க. சொல்லு அவன்கிட்ட."

சொல்லியிருப்பாள். அவன் வரவில்லை. ஈஸ்டர் முடிந்து, முந்தாநாள் ராத்திரி பார்ப்ரா தூக்கத்திலேயே போய்விட்டாள். இப்போது வந்து மதில் ஓரம் காரில் உட்கார்ந்திருக்கிறான்.

"மன்னிப்பு வாங்கிட்டுப் போக வந்திருக்கான்," என்றாள் டிலியா. "கடைசி நிகழ்ச்சிக்கு முன்னாடி கணக்கை நேர் பண்ணிக்கணுமாம்."

"அவகிட்ட இனிமே எப்படி வாங்குவான்?"

"அண்ணன்காரன்கிட்ட வாங்கிடலாம்னு பாக்கறான். கோலின் வயசாளிதானே, எழுதிக் குடுத்துடுவான்னு நெனப்பு."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. டிலியா திரையை விட்டுவிட்டு, இத்தனை நேரமும் கேக் வெட்டிக்கொண்டிருந்தவள் போலக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

சாவு வீட்டில் எங்களுக்கு ஒரே பாதைதான். முன்வாசல் வழியாக வந்து, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க துக்கத்துல எனக்கும் வருத்தம்" என்று சொல்லி, பெட்டியருகே ஒரு நிமிஷம் நின்று, சமையலறையில் டீ குடித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. கை இருந்தால் பிடிப்பது, நகர்வது.

நான் டீத் தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்றேன். அங்கிருந்து முன்னறை முழுக்கத் தெரியும், பேச்சும் கேட்கும்.

அவன் உள்ளே வந்ததும் அறையில் எங்கள் மொழி நின்று அவனுக்குப் புரிகிற ஆங்கிலம் தொடங்கியது. டீவியில் பார்ப்பதைவிடக் குட்டையாக இருந்தான். கருப்புக் கோட்டு, நல்ல காலணி. வரிசை அவனுக்கு வழி விடவில்லை, தள்ளவும் இல்லை. தன் முறை வருகிறவரை நின்று கோலின் முன்னால் வந்தான்.

கோலின் பார்ப்ராவைவிட ஐந்தாறு வயது மூத்தவன். மீன்பிடிப் படகில் முறுக்கிப்போன கை. அதை நீட்டினான்.

"உங்க துக்கத்துல எனக்கும் வருத்தம், கோலின்."

"வந்ததுக்குச் சந்தோஷம், கோர்மக். ரோடு எப்படி இருந்துச்சு?"

"நல்லா… ரொம்ப நல்லா இருந்துச்சு."

"புதுத் தார்."

கோர்மக்கின் காது சிவந்தது. குனிந்து தாழ்ந்த குரலில், "உங்ககிட்டத் தனியா ஒரு விஷயம் பேசணும்," என்றான்.

"பேசேன்."

அந்த நேரம் பாதிரியார் வந்துவிட்டார் என்று வெளியே குரல் கேட்டது. கோலினுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த அவன் மகள் டெர்வ்லா எழுந்து போனாள். பின்னால் வரிசை முட்டிக்கொண்டு நின்றது. கோலின் காலி நாற்காலியைக் காட்டினான்.

"வழியில நிக்காதே, உக்காரு. உக்காந்து பேசு."

உட்கார்ந்தான். வாயைத் திறப்பதற்குள் அடுத்து வந்த கிழவர் பாட்சி, கோலின் கையைப் பிடித்த கையோடு அவன் கையையும் பிடித்தார்.

"உங்க துக்கத்துல எனக்கும் வருத்தம்."

"இல்ல, நான் வந்து…"

பாட்சி நகர்ந்துவிட்டார். அடுத்த கை வந்தது. அதற்கடுத்த கை. பலபேர் முகத்தைப் பார்க்காமலே பிடித்தார்கள். பார்த்தவர்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு இன்னும் அழுத்திப் பிடித்தார்கள்.

"குடும்பத்தோட உக்காந்திருக்கீங்களே! நல்ல மனசு உங்களுக்கு."

"நீங்க இல்லேன்னா எங்க பார்ப்ராவை டப்ளின்ல யாருக்குத் தெரியும்?"

"என் பொண்டாட்டி உங்க மேல உயிரையே வெச்சிருக்கா. இந்த எடத்துல கேக்கக்கூடாது, வெளியில வந்தா ஒரு போட்டோ…"

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். எழுந்தால் வரிசை கலையும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உட்கார்ந்தான். யார் கையில் காசு வைத்தானோ அவளுக்காக ஊரே தன் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல, அதை வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். கழுத்துப்பட்டைக்குள் வியர்வை இறங்குவது எனக்கே தெரிந்தது.

"மூஞ்சியப் பாரு," என்றாள் டிலியா என் தோளுக்குப் பின்னால். "அடுப்புல வெச்ச மெழுகுவத்தி மாதிரி."

"சும்மா இருடி."

"நான் என்ன சொன்னேன்? டீ வேணுமான்னு கேளுன்னுதான் சொல்ல வந்தேன்."

வரிசையில் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. கோர்மக் கோலின் பக்கம் சாய்ந்தான். நான் டீயை எடுத்துக்கொண்டு போனேன். கோப்பையை வாங்கினான், குடிக்கவில்லை.

"கோலின், அந்த ராத்திரி பத்தித்தான். நான் அப்போ சின்னப் பையன். டப்ளின் பய. உங்க பழக்கவழக்கமெல்லாம் எனக்கு எப்படித் தெரி…"

"தெரியும்," என்றான் கோலின்.

"என்ன?"

"உனக்குத் தெரியும். அவதான் உன்கிட்டச் சொன்னாளே."

கோர்மக் கோப்பையைத் தரையில் வைத்தான்.

"முகத்துக்குப் பவுடர் போடற ரூம்ல," என்றான் கோலின். கோபமே இல்லாத குரல், மீன் விலை சொல்கிற மாதிரி. "நீ பக்கத்து நாற்காலில இருந்தே. அவ சொன்னா: பாடும்போது என் கை வெளியே வரும், கூடப் பிடிச்சுக்க எங்க ஆளுங்க யாரும் வரல, நீங்க பிடிச்சுக்கறீங்களான்னு கேட்டா. நீ என்ன சொன்னே?"

"…பிடிச்சுக்கறேன்னு சொன்னேன்."

"ஆமா. 'கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்'னு சொன்னியாம். அந்தத் தைரியத்துலதான் கண்ணை மூடினா."

"இது… இது உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?"

"பஸ்ஸை விட்டு இறங்கினதும் சொல்லிட்டாளே. எங்க ஊருக்கே தெரியும். இந்த டீ கொண்டாந்தாங்களே, அவங்களுக்கும் தெரியும்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"நான் அத்தனை வருஷமா… தெரியாதுன்னு சொல்லிட்டு இருந்தேனே. பத்திரிகைல, டீவில. நீங்க யாருமே ஒரு வார்த்தை…"

"யாருகிட்டச் சொல்றது?" என்றான் கோலின். "உன் நிகழ்ச்சில வந்தா?"

கேள்வி கேட்டே பிழைத்த மனுஷன் இன்னொரு கேள்விதான் கேட்டான். "அந்தக் காசு," என்றான். "அதை அவங்க வெச்சிருந்தாங்களா?"

"எந்தக் காசு? பத்துப் பென்ஸா?" கோலின் யோசித்தான். "காசு காசுதானே. வழியில கழிப்பறைக்குக் குடுத்திருப்பா."

கோர்மக் குனிந்துகொண்டான். எங்கேயோ ஒரு பெட்டிக்குள் அந்தக் காசு பத்திரமாக இருக்கும், அதை எடுத்துத் தன் கையில் கொடுப்பார்கள், தானும் அழுது எல்லாம் சரியாகிவிடும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருப்பான் போல.

"என்னை மன்னிச்சிடுங்க, கோலின்."

"நான் யாரு மன்னிக்க? என் கையிலயா வெச்சே? எனக்குத் தெரிஞ்சதையே என்கிட்டச் சொல்றதுல உனக்கு என்ன கஷ்டம்? தெரியாதவங்க வர்றாங்க பாரு. அவங்ககிட்டச் சொல்லு."

வாசலில் மறுபடி ஆட்கள். கால்வே நகரத்திலிருந்து, டெர்வ்லாவோடு வேலை பார்க்கிற ஒரு பெண்மணி. வாசனைத் தைலம், நல்ல தொப்பி. கோலின் கையைப் பிடித்தாள். அடுத்த கைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அடக் கடவுளே! கோர்மக் லேசி!" இரண்டு கையாலும் அவன் கையைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பத்துப் பென்ஸ்! எங்க வீட்ல வருஷா வருஷம் பாத்துச் சிரிப்போம். எங்கப்பா சாகறவரைக்கும் கேப்பார், அதைப் போட்டாச்சான்னு. ஆனா உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்!"

கோர்மக் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தான். பழக்கம்! அந்தச் சாய்வோடு வருகிற சிரிப்பும் உதட்டோரம் வந்துவிட்டது. நான் பார்த்தேன். பிறகு அது அங்கேயே செத்தது.

"எனக்குத் தெரியும்," என்றான்.

"என்ன சொல்றீங்க?"

"அவங்க முன்னாடியே என்கிட்டக் கேட்டாங்க. கையைப் பிடிச்சுக்கறீங்களான்னு. பிடிச்சுக்கறேன்னு வாக்குக் குடுத்தேன். அப்புறம் சபை தூங்கி வழியற மாதிரி தெரிஞ்சுது. அதான் காசை வெச்சேன்."

பழக்கத்தில் மேடைக்குரல் வந்துவிட்டது. முன்வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண்மணி அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கீழே, தான் பொத்தி வைத்திருந்த கையைப் பார்த்தாள். முதலில் ஒரு கையை எடுத்தாள். அடுத்ததை எடுத்தாள். பெட்டிப் பக்கம் நகர்ந்தாள்.

அவள் பின்னால் நின்ற இளைஞன் கோலின் கையைப் பிடித்தான். கோர்மக்கைத் தாண்டி அதற்கடுத்த நாற்காலிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. கோர்மக்கின் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. அப்புறம் அதைத் தானே மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"போதும், இந்த டீயை மாத்திக் குடு," என்றாள் டிலியா என்னிடம். குரலில் பழைய காரம் இல்லை. "ஆறிப்போயிருக்கும்."

பாதிரியார் ஜெபமாலை சொன்னார். எல்லாரும் மண்டியிட்டோம். கோர்மக்கும் அந்த நல்ல கால்சட்டையோடு தரையில் மண்டியிட்டான். முடிந்து எழுந்தபோது டெர்வ்லா அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவன் அவசரமாக நாற்காலியை விட்டு விலகினான்.

"உங்க எடம். மன்னிச்சுக்குங்க. நான் கெளம்பறேன்."

"உக்காருங்க," என்றாள் டெர்வ்லா. "நான் நின்னுதான் பாடணும்."

கோலினும் கையால் சைகை காட்டினான். உட்கார்ந்தான்.

பார்ப்ரா அதற்குப் பிறகு பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று டப்ளின்காரர்கள் எழுதுவார்கள். பொய். அவள் கடைசிவரைக்கும் பாடினாள். உட்கார்ந்து பாடுவதை விட்டாள், அவ்வளவுதான். சமையலறையில் அவளுக்கென்று ஒரு மர நாற்காலி. அதன் பின்னால் நின்று, முதுகுச் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். கை எங்கேயும் போகாது. பாட்டு ஏற ஏற நாற்காலி முன்னும் பின்னும் அசையும். அவளிடம் கற்ற பெண்களும் அப்படித்தான் பாடுகிறார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் யாரும் கையை வெளியே விடுவதில்லை. நாற்காலியைத்தான் பிடிக்கிறார்கள். போன கோடையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இது ரொம்பப் பழைய வழக்கமா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு வரிசைக்கு நாற்காலி போதவில்லை. அந்தச் சமையலறை நாற்காலியையும் கொண்டுவந்து போட்டிருந்தோம். அதில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். முதுகுச் சட்டம் இரண்டு இடத்தில் தேய்ந்து வழவழவென்று இருக்கும். டெர்வ்லா அத்தை கை வைத்த அதே இடத்தில் கை வைத்தாள். கண்ணை மூடினாள்.

அந்தப் பாட்டுத்தான். படகோடு போனவனைக் கரையில் நின்று கூப்பிடுகிற பாட்டு. முதல் சரணம் அவனுக்குத் தெரியும். இரண்டாவதும் தெரியும். நாற்பது கிறிஸ்துமஸ் கேட்டவனாயிற்றே. நாட்டுக்கே மூன்றாவதில் பாதி வரைக்கும் மனப்பாடம். அந்த இடம் வந்தபோது அவன் தோள் குறுகியது. எப்போதும் அங்கேதான் சிரிப்பு வரும்.

சிரிப்பு வரவில்லை. டெர்வ்லா மூச்சு வாங்கி மூன்றாவது சரணத்தை முடித்து நாலாவதுக்குள் போனாள்.

நாற்காலி அசையத் தொடங்கியது. அவனையும் சேர்த்து முன்னால் தள்ளியது, பின்னால் இழுத்தது. நன்றாகக் கால் ஊன்றி நிறுத்தியிருக்கலாம். எழுந்தும் போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. எழுந்தால் அவள் பிடி போய்விடும் என்று பயந்தானோ என்னவோ, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி, அவள் ஆட்டின பக்கமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தான்.